எட்டு நிமிஷம் இளையவளுக்கு ஒரு கார்டு

"எங்க ரெண்டு பேர் பிறந்தநாள் கார்டையும் ஒரே கவர்ல போட்டா என்னக்கா? வீடு ஒன்னு, தேதி ஒன்னு, அம்மாவும் ஒன்னு."

"ஆளு ரெண்டு இல்லையா? ஆளுக்கு ஒரு கார்டு."

"சரி, அப்போ என் கார்டைத்தான் முதல்ல எழுதணும். நான் எட்டு நிமிஷம் மூத்தவன்."

"எட்டு நிமிஷத்துல அப்படி என்னத்தைச் சாதிச்சுட்ட?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க! தங்கச்சி வர்றதுக்கு முன்னாடி நான் தனியாளா உலகத்தைச் சுத்திப் பார்த்து, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு உள்ள தகவல் அனுப்பினேன். அதுக்கப்புறம்தான் மகாராணி வெளிய வந்தா."

"பார்த்த சாட்சி யாரு?"

"நர்சம்மா. வேணும்னா போய்க் கேளுங்க."

டெய்லர் அக்கா அளவு நாடாவைச் சுருட்டி அவன் மேல் எறிந்தாள். அவன் அதைப் பறக்கும்போதே பிடித்து, கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, பேக்கரிக்குத் தைத்து வைத்திருந்த ஆறு ஏப்ரன்களையும் தோளில் அள்ளிப் போட்டான். தெருமுனை திரும்பும்வரை அவன் விசில் கேட்டது. பேக்கரி வீட்டுப் பையனான அவனை எல்லோரும் 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள். போன டிசம்பரில், அவள் கார்டு எழுத உட்கார்ந்த நாளில் நடந்த பேச்சு அது.

அந்தப் பிறந்தநாள் நாளைக்கு. விசில் இல்லை. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அடுப்பிலிருந்து கடைசித் தட்டை இறக்கிவிட்டு, "பத்து நிமிஷம் படுக்கிறேன்" என்று மாவு மூட்டைகளின் மேல் சாய்ந்தான். எழுப்பப் போனது தங்கை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் டாக்டர்கள். இருபது வயசு முடிய ஐந்து வாரம் இருந்தது.

இன்று காலை டெய்லர் அக்கா மெஷின் டிராயரைத் திறந்து பதினாறாம் நம்பர் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துத் திரைச்சீலை பாதியில் நின்றது. தடித்த துணி, ஊசி படக்கென்று ஒடிந்துவிட்டது. டிராயருக்குள் நூல்கண்டுகள், பட்டன்கள், சாக்பீஸ் துண்டுகள் எல்லாம் கிடந்தன. அவற்றுக்கடியில் ஒரு வெள்ளைக் கவர் குப்புறக் கிடந்தது.

அது என்ன கவர் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டு நாளாக அந்தப் பக்கமே கையை விடாமல் இருந்தாள். ஊசி வேண்டியிருந்ததால் இப்போது அதை எடுத்து ஓரமாக வைத்தாள். கவர் நிமிர்ந்து விழுந்தது. முகவரியில் இருந்த பெயரைப் பார்த்தாள்.

"ஐயோ! ஐயோ! ஐயோ!"

பின்வாசலில் குழாய்களை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்த அவள் கணவர், பிளம்பர், ஸ்பானரோடு உள்ளே ஓடி வந்தார். "விரல்ல தச்சுக்கிட்டியா?"

"தச்சிருந்தாக்கூடப் பரவாயில்லைங்க! இதைப் பாருங்க. தங்கச்சி பேரு! நான் தங்கச்சி கார்டை எடுத்து வச்சுட்டேன். அப்படின்னா தபால்ல போனது யாரோடது?"

பிளம்பருக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. பிறகு ஸ்பானரை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

சபையில் பிறந்தநாள் கார்டு டெய்லர் அக்காவின் பொறுப்பு. பதினோரு வருஷமாக அவள்தான். டிசம்பர் மாதத்திலேயே பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, நூற்று எண்பது பேருக்கும் ஒரே மூச்சில் எழுதிவிடுவாள். அதில் எழுதும் பைபிள் வசனத்தை அவள் தேர்ந்தெடுப்பதில்லை. வசனச்சீட்டுகள் போட்ட ஒரு டப்பா உண்டு. குலுக்கி எடுத்து, வந்ததை எழுதுவாள். கவரை ஒட்டி, தேதிவாரியாக ஒரு செருப்புப் பெட்டியில் அடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. அப்புறம் வாராவாரம் அந்தந்த வாரத்துக் கட்டைத் தபால் பெட்டியில் போட வேண்டியதுதான்.

முந்தாநாள் திங்கட்கிழமை, பேக்கரிப் பிள்ளைகளின் வாரம் வந்தது. இரண்டு கவர்களும் ஒரே கிளிப்பில் இருந்தன. விசிலின் கவரை எடுத்துவிட வேண்டும். ஆனால் அந்தப் பெயரைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. எப்போதும் அவன் கார்டைத்தான் முதலில் எழுதுவாள். அதனால் மேலே இருப்பது அவனுடையதுதான் என்று எண்ணி, கண்ணை இறுக மூடிக்கொண்டு மேலே இருந்ததை உருவி டிராயரில் போட்டாள். மற்றதைக் கட்டோடு சேர்த்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். முதலில் எழுதியது அடியில் போகும், பிறகு எழுதியது அதன்மேல் வரும் என்கிற சின்ன விஷயம் அந்த நேரத்தில் மூளையில் உறைக்கவில்லை.

"அவன் கார்டுல என்ன வசனம்?" என்றார் பிளம்பர்.

அவளுக்கு அதுவும் ஞாபகம் வந்தது. "நீண்ட ஆயுசைத் தருவேங்கிற வசனம்."

"ஆண்டவரே!"

"ஸ்கூட்டரை எடுங்க!"

"நான் வேலைக்குப் போகணும். ஒரு வீட்டுல மாடித் தொட்டி ஒழுகி, கட்டில் மேல ஊத்துதுன்னு மூணு போன் வந்துடுச்சு."

"ஊத்தட்டும்! அந்தக் கார்டு அவன் அம்மா கையில போய்ச் சேர்ந்தா அதைவிடப் பெரிய வெள்ளம் வரும். மணி பத்தே கால். அந்தத் தெருவுக்குத் தபால் பத்தரைக்கு மேலதான். எடுங்கங்க!"

ஸ்கூட்டரின் ஒரு பக்கம் பத்தடி பிளாஸ்டிக் குழாய் மூன்று கட்டியிருந்தது. அவிழ்க்க நேரமில்லை. அவள் குழாய்களுக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தாள். கழுத்தில் அளவு நாடா, மடியில் செருகிய தங்கையின் கவர். சந்தையைத் தாண்டும்போது குழாயின் முனை ஒரு வெங்காயக் கூடையைத் தட்டியது. "கண்ணு தெரியலையா?" என்று ஒருவன் கத்தினான். "அவசரம்ப்பா, மன்னிச்சுக்கோ!" என்று அவள் பின்னால் திரும்பிக் கத்தினாள்.

"ஏம்மா, நீ எத்தனை வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போயிருக்க. இந்த வீட்டுக்கு மட்டும் அடக்கத்துக்கு அப்புறம் ஒரே ஒரு தடவைதான் போன. ஏன்?" என்றார் பிளம்பர்.

"இப்போதான் இதைக் கேட்க நேரம் கிடைச்சுதா? ரோட்டைப் பாருங்க!"

காரணம் அவருக்குத் தெரியாது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஆறுதல் குழுவோடு அவளும் போனாள். நான்கு பெண்கள், கையில் பாட்டுப் புத்தகம். எல்லோரும் ஏதேதோ சொன்னார்கள். அவள் முறை வந்தபோது, "ஆண்டவருக்கு நல்ல பூவா ஒன்னு தேவைப்பட்டிருக்கும், அக்கா. அதான் பறிச்சுக்கிட்டார்" என்று சொன்னாள். எத்தனையோ வீடுகளில் சொன்ன வார்த்தை. பேக்கரி அம்மா நிமிர்ந்து பார்த்து, "அவர் தோட்டத்துல பூவே இல்லையா?" என்றாள். அவ்வளவுதான். தங்கை எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து டெய்லர் அக்காவுக்கு அந்தத் தெருப் பக்கம் போகக் கால் எழவில்லை.

பேக்கரியின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கடை வியாபாரம் இன்னும் தொடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூட விடுதிக்கும் மட்டும் ரொட்டி போய்க்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் நிற்பதற்குள் குதித்து இறங்கி, சுவரில் பதித்திருந்த தபால் பெட்டிக்குள் விரலை விட்டுத் துழாவினாள். காலி. நெஞ்சில் கை வைத்து மூச்சை விட்டாள்.

"வரலை! இன்னும் வரலைங்க! நீங்க இங்கயே நில்லுங்க. தபால்காரர் வந்தா நீங்க வாங்கிடுங்க."

"எந்தச் சாக்கைச் சொல்லி நிக்கிறது?"

"நீங்க பிளம்பர்தானே? எதையாவது தட்டிப் பாருங்க!"

"யாரு அங்க?" என்று உள்ளேயிருந்து பேக்கரி அம்மாவின் குரல் வந்தது. "டெய்லரா? ஏன் வாசல்ல நிக்கிற? உள்ள வா."

குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. டெய்லர் அக்கா ஷட்டருக்கடியில் குனிந்து நுழைந்தாள்.

வேலைக்கூடம் வெக்கையாக இருந்தது. சுவரோடு சுவராக அடுப்பு. அதன் இரும்புக் கதவு விளிம்பில் சிவப்புக் கோடு தெரிந்தது. நடுவே நீள மேஜை. பேக்கரிக்காரர் பெரிய மாவு உருண்டையிலிருந்து கத்தியால் துண்டு துண்டாக வெட்டித் தராசில் போட, ஒவ்வொரு துண்டும் எடைக்குச் சரியாக விழுந்தது. அவர் மனைவி அவற்றை உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, டின்னுக்குள் வைத்தாள். மேஜையின் அந்தப் பக்கம், விசில் நிற்கும் இடத்தில், பாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

சின்ன வயசுப் பாஸ்டர். இந்தச் சபைக்கு வந்து ஏழு மாசம். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, புருவத்தில் மாவோடு பன் உருட்டிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், நீங்களா!"

"புதன்கிழமை ஆறுதல் சொல்ல வந்தேன்கா, முதல் வாரம்," என்றார் பாஸ்டர், கொஞ்சம் வெட்கத்தோடு. "வாயே வரலை. அப்படியே நின்னேன். ஐயா ஒரு உருண்டை மாவைக் கையில கொடுத்தார். அதுலேர்ந்து புதன்கிழமைன்னா இங்கதான்."

"அஞ்சு வாரமா உருட்டறார்," என்றார் பேக்கரிக்காரர், தலை நிமிராமல். "இன்னும் ஒரு பன்னும் உருண்டையா வரலை. ஆஸ்பத்திரியில கேக்கறாங்க, இது என்ன புதுசா முட்டை ஷேப்புல வருதுன்னு."

"போன வாரத்துக்கு இது தேவலைன்னு சொன்னீங்களே ஐயா."

"போன வாரம் உருளைக்கிழங்கு மாதிரி இருந்துச்சு."

டெய்லர் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை நினைத்துப் பயமும் வந்தது. பேக்கரி அம்மா சிரிக்கவில்லை. ஆனால் பாஸ்டர் பக்கத்தில் இருந்த பன்னை எடுத்து, சத்தமில்லாமல் மறுபடி உருட்டி வைத்தாள்.

"உட்காரு. டீ போடச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, பேக்கரி அம்மா மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு, "ஏய்... இங்க கொஞ்சம் வாயேன்," என்றாள்.

டெய்லர் அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த மாடிப்படியடியில் நின்று இந்த அம்மா கூப்பிடுவது தெருவுக்கே தெரியும். அண்ணன் பெயரையும் தங்கை பெயரையும் ஒரே மூச்சில், நடுவே இடைவெளி விடாமல், ஒரே பெயர் போலக் கூப்பிடுவாள். யார் வேண்டுமென்றாலும் இரண்டு பெயரும்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே அப்படித்தான்.

மேலேயிருந்து பதில் இல்லை.

அதற்குள் வாசலில் டங்டங்கென்று ஓசை. பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். "யாருய்யா அது? பிளம்பரா? எங்க வீட்டுக் குழாயை எதுக்குத் தட்டற?"

"சும்மா... ஒரு சத்தம் வித்தியாசமா..."

"நல்ல வேளை வந்த! பின்னாடி தொட்டிக் குழாய் ஒரு மாசமா சொட்டுது. வா, வா, காட்டறேன்."

"இல்லைங்க, நான் இங்கயே..."

"அட, வாய்யா!"

மாவுக் கை பிளம்பரின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனது. போகிற போக்கில் பிளம்பர் மனைவியைப் பார்த்த பார்வையைப் படம் பிடித்து வைக்கலாம். வாசலில் காவல் இல்லை. டெய்லர் அக்கா ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பேக்கரி அம்மா மேலும் இன்னொரு கண்ணை ஷட்டர் மேலும் வைத்துக்கொண்டாள்.

"எங்கயாவது போகணுமா?" என்றாள் பேக்கரி அம்மா. "சூடு பட்ட மாதிரி உட்கார்ந்திருக்க."

"இல்லக்கா, இல்லக்கா. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

ஸ்டூல் தடாலென்று சாய்ந்தது. டெய்லர் அக்கா பாய்ந்தாள். ஆனால் மாடிப்படியில் தடதடவென்று கால் சத்தம் அவளை முந்திக்கொண்டது. தங்கை படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி வந்தாள். தலை வாரவில்லை, அண்ணனின் பழைய சட்டை. அவள் ஷட்டருக்கடியில் குனிந்து வெளியே போய்விட்டாள். டெய்லர் அக்கா நெற்றியை ஷட்டரில் இடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

தபால்காரர் இரண்டு கவர்களை நீட்டினார். ஒன்று மாவுக் கம்பெனியிலிருந்து. இன்னொன்று வெள்ளை.

தங்கை வெள்ளையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

"அண்ணனுக்கு வந்திருக்கு," என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. "இன்னொன்னு இருக்கும். எப்பவும் ரெண்டு வரும். பாருங்களேன்."

தபால்காரர் பையைத் துழாவினார். "இல்லையேம்மா."

"கீழ எங்கயாவது சிக்கியிருக்கும். நல்லாப் பாருங்க, ப்ளீஸ்."

அவர் பாவம், பையைச் சைக்கிள் கேரியரில் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். தங்கையும் குனிந்து பார்த்தாள்.

"இருக்கு!" என்று கத்தினாள் டெய்லர் அக்கா. எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். "உன்னோடது இருக்கு! என்கிட்ட இருக்கு! இதோ! இந்தா!"

கசங்கிப்போன கவரை மடியிலிருந்து உருவி, தங்கையின் கையில் திணித்தாள். தபால்காரர் ஒன்றும் புரியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார். டெய்லர் அக்கா மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். கிளிப், மேலே இருந்தது, அடியில் இருந்தது, ஊசி ஒடிந்தது, வெங்காயக் கூடை எல்லாம்.

தங்கை இரண்டு கவர்களையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நிஜமாவே தப்பா எடுத்தீங்களா அக்கா? இல்ல, எல்லார் மாதிரியும் நீங்களும் என்னை மறந்துட்டீங்களா?"

"என் மெஷின் மேல ஆணையா, மறக்கலைடி. கண்ணை மூடிக்கிட்டு எடுத்தேன். அவன் பேரைப் பார்க்க முடியலை."

"எங்க வீட்டுலயும் அதேதான் நடக்குது," என்றாள் தங்கை. இப்போது அவள் பேச்சும் வேகமெடுத்தது, அணை உடைந்தாற்போல. "அம்மாவுக்கு அவன் பேரைச் சொல்ல முடியலை. அதனால என் பேரையும் சொல்றதில்ல. ரெண்டும் ஒட்டிக்கிட்டே இருந்து பழகிடுச்சு இல்ல? ஒன்னை இழுத்தா இன்னொன்னும் வருது. அஞ்சு வாரமா நான் 'ஏய்', 'இந்தா', 'யாரு அங்க'. வர்றவங்க எல்லாரும் 'அம்மாவைப் பார்த்துக்கோ'ங்கறாங்க. நாளைக்கு எனக்குப் பிறந்தநாள்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. இல்ல, ஞாபகம் இருந்தும் பயந்துக்கிட்டு இருக்காங்க."

"அம்மாகிட்ட கேட்க வேண்டியதுதானே?"

"எப்படிக்கா கேக்கறது? பிள்ளையைப் பறிகொடுத்தவகிட்டப் போய், என் பேரைச் சொல்லிக் கூப்பிடுன்னா... தினமும் வாய் வரைக்கும் வருது. முழுங்கிடறேன்."

"அங்க என்ன கூட்டம்?" ஷட்டர் கடகடவென்று முழுசாக மேலே ஏறியது. பேக்கரி அம்மா நின்றுகொண்டிருந்தாள். "கையில என்ன?"

தங்கை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "ஒன்னும் இல்லம்மா."

"கொடு."

"மாவுக் கம்பெனிக் கடுதாசிம்மா."

"அது கீழ கிடக்கு. கையில இருக்கறதைக் கொடு."

தங்கை டெய்லர் அக்காவைப் பார்த்தாள். டெய்லர் அக்காவுக்குப் பொய் சொல்ல ஒரு வழியும் தோன்றவில்லை. தங்கை வலது கையில் இருந்ததை மெதுவாக நீட்டினாள்.

பேக்கரி அம்மா முகவரியைப் படித்தாள். மாவுக் கையோடு கவரைக் கிழித்தாள். கார்டைத் திறந்தாள். எல்லோரும் வேலைக்கூடத்து வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்: பேக்கரிக்காரர், கையில் குறடோடு பிளம்பர், ஒரு பன்னோடு பாஸ்டர். வசனத்தை அவள் உதடு மட்டும் அசையப் படித்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இதை நீ எழுதினியா?"

"நான்தான் எழுதினேன், அக்கா. டிசம்பர்ல. டப்பாவைக் குலுக்கி எடுத்த சீட்டு. தபால்ல போனது என் தப்பு. அதைத் திருப்பி எடுத்துட்டுப் போகத்தான் ஓடி வந்தேன்."

"ஆயுசு," என்றாள் பேக்கரி அம்மா. "நீண்ட ஆயுசு."

பாஸ்டர் ஒரு அடி முன்னால் வந்தார். "அம்மா, அது வந்து... நித்திய வாழ்வுங்கற அர்த்தத்துல பார்த்தோம்னா..."

"பாஸ்டர், நீங்க பன்னை உருட்டுங்க," என்றார் பேக்கரிக்காரர்.

பாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். டெய்லர் அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்றானதும் வார்த்தை தானாக வந்தது.

"அக்கா, அன்னைக்கு நான் பூ, தோட்டம்னு உளறினேன். அது தப்பு. எனக்கு ஏன்னு தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன் பாருங்க, அதுக்கு மன்னிச்சுடுங்க. எனக்குத் தெரிஞ்சது ஒன்னே ஒன்னுதான். நம்ம ஆண்டவர் தன் நண்பன் கல்லறைக்குப் போய் நின்னாரே, அப்போ என்ன பண்ணார்? செத்தவனை இன்னும் கொஞ்ச நேரத்துல உயிரோட எழுப்பப் போறோம்னு அவருக்குத் தெரியும். 'அழாதீங்க, இப்போ பாருங்க'ன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? சொல்லலை. அவரும் நின்னு அழுதார். அக்கம்பக்கத்துக்காரங்க பார்க்கப் பார்க்க அழுதார். உங்களை அழாதீங்கன்னு சொல்ல எங்க யாருக்கும் உரிமை இல்ல, அக்கா."

"அவர் நண்பனை எழுப்பிட்டார்," என்றாள் பேக்கரி அம்மா. "என் பிள்ளையை எழுப்பலையே."

"ஆமா."

"என்ன ஆமா?"

"எழுப்பலை. நீங்க சொல்றது சரிதான். ஒருநாள் எழுப்புவார்னு நான் நம்பறேன். அன்னைக்கு உங்க பையன் விசில் அடிச்சுக்கிட்டு எழுந்திருப்பான்னு நம்பறேன். ஆனா இன்னைக்கு, இந்த வீட்டுல, எழுப்பலை. அதுக்கு என்கிட்ட பதில் இல்லைக்கா."

பேக்கரி அம்மாவின் முகம் கோணியது. ஐந்து வாரமாக வந்தவர்களுக்கு முன்னால் கல்லாக இருந்த முகம். கார்டை மார்போடு சேர்த்துக்கொண்டு, ஷட்டர் தூணில் சாய்ந்து, பெரிய சத்தமாக அழுதாள். பேக்கரிக்காரர் அவள் தோளில் கை வைத்தார். வைத்த இடத்தில் மாவு ஒட்டியது. அவரும் அழுதார். பிளம்பர் குறடைப் பார்த்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். பாஸ்டர், "அழுங்கம்மா, அழுங்க," என்று சொல்லிவிட்டு, தானும் புறங்கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் மாவாக்கிக்கொண்டார்.

"அஞ்சு வாரத்துல அவன் பேருக்கு வந்த முதல் கடுதாசி இது," என்றாள் பேக்கரி அம்மா, விக்கலுக்கு நடுவே. "எல்லாரும் அவனைப் பத்திப் பேசினாங்க. அவனுக்குன்னு ஒருத்தரும் எழுதலை. இதைத் திருப்பிக் கேக்காத."

"கேக்கமாட்டேன், அக்கா."

"அந்தக் கையில இருக்கறது யாருக்கு?"

"எனக்கும்மா," என்றாள் தங்கை.

பேக்கரி அம்மா அவளைப் பார்த்தாள். அண்ணனின் சட்டையில், இரண்டு கையாலும் கசங்கிய கவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளை, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஏதோ சொல்ல உதடு பிரிந்தது.

"கருகல் வாடை வருதே!" என்றார் பிளம்பர்.

"அடுப்பு!" என்று அலறினார் பேக்கரிக்காரர்.

அவ்வளவுதான், எல்லோரும் உள்ளே ஓடினார்கள். இரும்புக் கதவு திறந்தது. புகையும் வெக்கையும் முகத்தில் அறைந்தன. ஆஸ்பத்திரி ரொட்டி, நாற்பது டின். "ரேக்கை இழு! ரேக்கை இழுய்யா!" என்று பேக்கரிக்காரர் கத்த, பிளம்பர் தெரியாத ரேக்கைத் தெரியாத திசையில் தள்ளினார். பாஸ்டர் வெறுங்கையால் தட்டைப் பிடிக்கப்போய், "அம்மா!" என்று கத்திக் கையை உதறினார். "துணி! துணியை எடுங்க பாஸ்டர்!" டெய்லர் அக்கா கிடைத்த ஏப்ரனைக் கிழித்து இரண்டாக்கி வீசினாள், தான் தைத்தது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நீளத் துடுப்பு உள்ளே போய் வந்து, போய் வந்து, தட்டு தட்டாக வெளியே தள்ளியது. மேலே பழுப்பு, சிலது கறுப்பு, பாதிக்கு மேல் தப்பியது.

"தப்பிச்சுது! தப்பிச்சுது!" என்றார் பேக்கரிக்காரர், வேர்வை கொட்டக் கொட்ட. ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அவர் குரல் பழைய உயரத்துக்கு ஏறியது. "கடைசித் தட்டு! யாராவது பிடிங்க!"

கடைசித் தட்டைப் பேக்கரி அம்மா பிடித்தாள். நீளமான தட்டு, ஒருத்தியால் தூக்கி ரேக்கில் ஏற்ற முடியாது. எப்போதும் அந்த முனையைப் பிடிக்க ஒரு ஆள் இருப்பான். அவள் பழக்கத்தில் மாடிப்படிப் பக்கம் கழுத்தைத் திருப்பினாள். பழக்கத்தில் வாயையும் திறந்தாள். இரண்டு பெயரும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது எல்லோருக்கும் தெரிந்தது. வந்தது, நின்றது. "ஏய்..." என்றாள். தட்டு சரிந்தது.

தங்கை பாய்ந்து மறுமுனையைச் சட்டை நுனியால் பிடித்துக்கொண்டாள்.

தட்டு நடுவில் இருந்தது. இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மகள். ரொட்டியின் ஆவி இரண்டு முகத்துக்கும் நடுவே எழுந்துகொண்டிருந்தது. ரேக்கில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. தங்கை ஏற்றவில்லை, சூடு சட்டையைத் தாண்டிக் கைக்கு வந்திருக்கும், ஆனாலும் அவள் விடவில்லை. டெய்லர் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேளுடி, கேட்டுடு, என்று அவள் உள்ளுக்குள் கத்தியது தெருவுக்குக் கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

"அம்மா," என்றாள் தங்கை. "நாளைக்குக் காலையில என்னை எழுப்பறப்போ, படியடியில நின்னு எப்பவும் போல ரெண்டு பேர் பேரையும் சேர்த்தே கூப்பிடும்மா. நான் ஒருத்தி வர்றேன்."